மனக்கோயில் எளிய கோயில் அல்ல

"மனசு சுத்தமாக இருந்தால் போதும், கோயில் குளம் என்று அலைய வேண்டியதில்லை" என்ற பேச்சும், "முன்னோர் வகுத்த முறையில் ஒன்று குறைந்தாலும் சாமி குத்தம்" என்ற பேச்சும் தமிழ்நாட்டில் ஒரே வீட்டுக் கூடத்தில் அடுத்தடுத்து ஒலிக்கும். முதல் கட்சிக்காரர் சாட்சிக்கு அழைப்பது பெரும்பாலும் பூசலார் நாயனாரை. பல்லவ அரசன் கல்லால் எடுத்த கோயிலுக்கு முன்பாக, ஓர் ஏழை அடியார் நெஞ்சுக்குள் எடுத்த கோயிலுக்குள் இறைவன் குடிபுகுந்தான் என்ற கதை நமக்குச் சிறுவயதிலேயே சொல்லப்பட்டுவிடுகிறது. உள்ளம் இருந்தால் போதும், புறச்சடங்கு எதற்கு என்பதே அதிலிருந்து பலர் எடுத்துக்கொள்ளும் பாடம். பெரியபுராணத்தில் சேக்கிழார் சொன்ன கதையை ஊன்றிப் படித்தால் இந்தப் பாடம் அதில் இல்லை. அதில் இருப்பது இதைவிடக் கடுமையான ஒன்று. உள்ளத்துப் பக்திக்கும் வெற்றுச் சடங்குக்கும் உள்ள வேறுபாட்டை நாம் தவறான இடத்தில் தேடிக்கொண்டிருக்கிறோம் என்பதை அந்தக் கதையிலிருந்தே காட்ட முடியும்.

பூசலார் தொண்டை நாட்டுத் திருநின்றவூரைச் சேர்ந்தவர். சிவனுக்குக் கோயில் எடுக்க ஆசைப்பட்டார். கையில் பொருள் இல்லை. பல இடங்களில் தேடியும் சிறு தொகைகூடக் கிடைக்கவில்லை. வருந்தி, கடைசியில் மனத்தாலேயே கட்டுவது என்று துணிந்தார். இதற்கு மேல் சேக்கிழார் விவரிப்பதைத்தான் நாம் அவசரமாகக் கடந்துவிடுகிறோம். பூசலார் மனத்துக்குள் பொருளைச் சிறுகச் சிறுகச் சேர்க்கிறார். தச்சர்களைத் தேடிச் சேர்க்கிறார். நல்ல நாள் பார்த்து, ஆகம முறைப்படி அடிநிலை போடுகிறார். இரவிலும் கண்மூடாமல் வேலை நடக்கிறது. உபானத்திலிருந்து சிகரம்வரை ஒவ்வொரு வரிசையாக எழுப்பி, சுதை வேலை முடித்து, தூபி நட்டு, கிணறும் குளமும் மதிலும் அமைத்து, நெடுநாள் கழித்துக் குடமுழுக்குக்கு நாள் குறிக்கிறார். அதே நாளில் காஞ்சியில் காடவர் கோமானாகிய பல்லவ அரசனும் தன் கற்றளிக்கு நாள் குறித்திருந்தான். முந்தின இரவில் அவன் கனவில் தோன்றிய இறைவன், நின்றவூர்ப் பூசல் நெடுநாள் நினைந்து கட்டிய ஆலயத்துக்கு நாளை நாம் போக வேண்டும், உன் விழாவைப் பின்னொரு நாளுக்குத் தள்ளிவை என்கிறான். அரசன் நின்றவூருக்கு வந்து பூசலார் கட்டிய கோயில் எங்கே என்று கேட்டால், அப்படி ஒரு கோயிலே இங்கில்லை என்கிறார்கள் ஊரார்.

காஞ்சிக் கயிலாசநாதர் கோயிலில் உள்ள வடமொழிக் கல்வெட்டு ஒன்று, அதைக் கட்டிய இராசசிம்ம பல்லவன் அசரீரி வாக்குக் கேட்டதாகக் குறிக்கிறது. எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்த அந்தக் குறிப்பையும் பூசலார் வரலாற்றையும் இணைத்துப் பார்க்கும் ஆய்வாளர்கள் உண்டு. வரலாற்று உண்மை எதுவாக இருந்தாலும், கதை தரும் தீர்ப்பில் கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, பூசலார் எந்த விதியையும் தவிர்க்கவில்லை. கல், மரம், நாள், முறை எல்லாவற்றுக்கும் மனத்தில் இடம் கொடுத்தார். பார்ப்பவர் ஒருவர்கூட இல்லாத இடத்தில், ஒரு நாளும் சோம்பாமல், ஒரு வரிசையைக்கூட விட்டுவிடாமல் கட்டினார். அரசனுக்கு இருந்த ஊக்கங்கள் எதுவும் அவருக்கு இல்லை. கல்வெட்டில் பெயர் வராது, ஊர் புகழாது, அடுத்த தலைமுறை காணாது. மற்றது, அரசனின் கோயிலை இறைவன் வேண்டாம் என்று சொல்லவில்லை. நாளை மாற்றச் சொன்னான், அவ்வளவுதான். கயிலாசநாதர் கோயில் இன்றும் நிற்கிறது. திருநின்றவூரில் இருதயாலீசுவரர் என்ற பெயரில் பூசலாருக்குரிய கோயிலும் நிற்கிறது. கல் இருந்ததால் ஒன்று வெறுமையாகவும், கல் இல்லாததால் மற்றொன்று நிறைவாகவும் ஆகிவிடவில்லை. மனக்கோயில் என்பது கோயிலுக்குப் போவதிலிருந்து விலக்குக் கேட்பவர்களுக்கான ஏற்பாடு அல்ல. கல்லால் கட்டுவதைவிட அதிக உழைப்பைக் கேட்பது அது.

திருக்குறளையும் இதேபோல நாம் வசதிக்கு வளைக்கிறோம். மனத்தில் மாசில்லாமல் இருப்பதே அறம், மற்றவை ஆரவாரம் என்று வள்ளுவர் சொன்னதை அறியாத தமிழர் குறைவு. அந்தக் குறள் எங்கே இருக்கிறது என்று பார்ப்பவரும் குறைவு. அது 'அறன் வலியுறுத்தல்' அதிகாரத்தில் இருக்கிறது. அதற்கு முந்தின குறள், இயன்ற வழியிலெல்லாம் இடைவிடாமல் அறச்செயலைச் செய் என்கிறது. அடுத்து வருவது பொறாமையும் ஆசையும் கோபமும் கடுஞ்சொல்லும் நீங்க வேண்டும் என்கிறது. அதற்கும் அடுத்தது, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாமல் இன்றே செய் என்கிறது. செயலை வற்புறுத்தும் குறள்களுக்கு நடுவே வைக்கப்பட்ட ஒன்றைத் தனியே பிடுங்கி, எதுவும் செய்யாமலிருக்க உரிமைச் சீட்டாக நாம் பயன்படுத்துகிறோம். துறவறவியலில் 'கூடாவொழுக்கம்' என்று ஓர் அதிகாரத்தையே வள்ளுவர் போலித் துறவிகளுக்கு ஒதுக்கினார். புலித்தோல் போர்த்துப் பயிர் மேயும் பசுவையும், வெளியே சிவந்து மூக்கில் கறுத்திருக்கும் குன்றிமணியையும் அங்கே காட்டுகிறார். உலகம் பழிக்கும் செயலை விட்டுவிட்டால் மொட்டையும் வேண்டாம், சடையும் வேண்டாம் என்று முடிக்கிறார். சடையைப் பழிப்பது அவர் நோக்கமன்று. சடைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு செய்யும் செயலையே அவர் பழிக்கிறார்.

ஏழாம் நூற்றாண்டு அப்பரிடம் இது இன்னும் துலக்கமாகத் தெரியும். இறைவன் எங்கும் இருப்பதை உணராதவன் கங்கையில் ஆடினால் என்ன, காவிரியில் ஆடினால் என்ன, குமரித்துறையில் ஆடினால்தான் என்ன என்று கேட்டுப் பாடியவர் அவர். தீர்த்த யாத்திரையை எதிர்ப்பவர்கள் விரும்பி எடுத்தாளும் பதிகம் அது. ஆனால் அப்பரின் கையில் எப்போதும் இருப்பது என்ன? உழவாரம். கோயில் வீதிகளிலும் திருச்சுற்றுகளிலும் முளைத்த புல்லைச் செதுக்கும் கருவி. சிற்பிகள் அவரை அதோடுதான் வடித்திருக்கிறார்கள். ஊர் ஊராகத் தலங்களைத் தேடி நடந்து, முதுமையிலும் மண்டியிட்டுப் புல் செதுக்கியவர், தீர்த்தமாடி என்ன பயன் என்றும் கேட்டார். இதில் முரண் ஒன்றும் இல்லை. புறத்தொண்டின் அருமை அறிந்தவருக்குத்தான் அது வெறுமையாகும்போது வலிக்கும். தொழுநோயால் அழுகித் திரியும் புலையராக, பசுவைத் தின்பவராக இருந்தாலும், சிவனுக்கு அன்பர் என்றால் அவரே தாம் வணங்கும் கடவுள் என்று பாடியவரும் இதே அப்பர்தான். நீரில் மூழ்குவதன் பயன் எதில் தெரிய வேண்டும் என்று அவர் கருதினார் என்பதற்கு அந்தப் பாடலைவிட நேரான சான்று தேவையில்லை.

அன்புக்கும் முறைக்கும் நேருக்கு நேர் மோதல் நடப்பதாக நாம் நினைக்கும் கதை கண்ணப்பருடையது. காளத்தி மலையில், பின்னர்க் கண்ணப்பரான வேடன் திண்ணன் வாயில் கொண்டுவந்த நீரால் இறைவனை நீராட்டினான். தலையில் செருகிவந்த பூவைச் சூட்டினான். கடித்துச் சுவை பார்த்த இறைச்சியைப் படைத்தான். மறுநாள் காலையில் வந்த சிவகோசரியார் பதறிப்போய் அதையெல்லாம் அகற்றித் தூய்மை செய்து, ஆகமப்படி பூசித்தார். இது நாள்தோறும் தொடர்ந்தது. மேடைகளிலும் திரைப்படங்களிலும் சிவகோசரியாரை வறட்டுச் சடங்குக்காரராகவே நமக்குப் பழக்கிவிட்டார்கள். சேக்கிழார் அப்படிக் காட்டவில்லை. அவர் தவமுனிவர், தம் பூசையை மெய்யாகவே நேசித்தவர், அந்த இறைச்சியைக் கண்டு அவர் துடித்த துடிப்பும் அன்பின் துடிப்பே. அதனால்தான் இறைவன் அவர் கனவில் வந்து திண்ணனின் மனத்தை விளக்குகிறான். மறைந்திருந்து பார் என்று இடமும் கொடுக்கிறான். ஆறாம் நாள், இறைவன் திருவிழியில் குருதி வழிய, திண்ணன் தன் கண்ணைத் தோண்டி அப்பியதைச் சிவகோசரியார் பார்த்துக்கொண்டிருந்தார். முறை அறிந்தவர் முறை அறியாதவரிடம் கற்கிறார். அந்தப் பாடம் அவருக்குத் தேவை என்று கருதிய இறைவன், அவருடைய பூசையை ஒரு நாளும் மறுக்கவில்லை. என் பார்வையில் பெரியபுராணத்தின் மிகப் பெரிய நாகரிகம் இந்த இடத்தில் இருக்கிறது.

இங்கே நியாயமான மறுப்பு ஒன்று எழும். எல்லோரும் பூசலாரும் கண்ணப்பரும் ஆக முடியாது. சாதாரண மனிதரை உள்ளே அழைத்துச் செல்வது சடங்குதானே, அதைக் குறைசொல்லலாமா என்பது அது. குறைசொல்லக் கூடாது என்பதே என் கருத்தும். குழந்தை கைகூப்பக் கற்பது கடவுளைப் பற்றி ஒரு சொல்கூட அறியாத வயதில். தகப்பனை இழந்தவனுக்கு அழக்கூடத் தெம்பில்லாத நேரத்தில், எள்ளும் தண்ணீரும் இறைக்கச் சொல்லும் சடங்கு அவன் கைக்கு ஒரு வேலையைக் கொடுத்து அவனைத் தாங்குகிறது. மாலையில் விளக்கேற்றும் பெண்ணின் மனம் ரேஷன் அட்டையிலும் பிள்ளையின் காய்ச்சலிலும் இருந்தால், அவள் ஏற்றிய விளக்கு வெற்று விளக்கு என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. மனம் அலைவது மனித இயல்பு. அலையும் மனத்தோடும் கை செய்துகொண்டிருக்கும் கடமைக்கு மதிப்பு உண்டு. சடங்கு வெறுமையாவது கவனம் சிதறும்போது அல்ல. அந்தச் சடங்கைச் செய்தாயிற்று, இனி வேறு எவருக்கும் நான் கடமைப்பட்டவனல்லன் என்று நினைக்கும்போதுதான் அது வெறுமையாகிறது. வட்டிக்கு வாங்கியவனின் வீட்டை மோசடியாக எழுதி வாங்கியவர், அதில் வந்த பணத்தில் உண்டியலில் ஒரு பங்கு போட்டுவிட்டுக் கணக்குத் தீர்ந்ததாக எண்ணினால், அவர் கவனம் சிதறாமல், மனமுருகிக் கண்ணீர் விட்டுக் கும்பிட்டாலும் அந்தக் கும்பிடு வெறுமைதான். கண்ணீர் மெய்யன்புக்குச் சான்றாகாது. உள்ளன்பு என்றால் உணர்ச்சி என்று மட்டும் எடுத்துக்கொள்பவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

இரண்டாவது மறுப்பு இதைவிட வலுவானது. அடுத்தவர் உள்ளத்தை யார் பார்த்தார்கள்? திருநீறு பூசியவரைப் போலி என்று சொல்ல நமக்கு என்ன அளவுகோல்? மெய்ப்பொருள் நாயனார் வரலாறு இந்தக் கேள்விக்கென்றே எழுதப்பட்டது போன்றது. திருக்கோவலூரை ஆண்ட அந்த மன்னரைப் போரில் வெல்ல முடியாத முத்தநாதன், உடல் முழுதும் நீறு பூசி, சுவடிக் கட்டுக்குள் கத்தியை மறைத்துக்கொண்டு, ஆகமம் உரைக்க வந்தவனாக அந்தப்புரம்வரை போனான். நூலைப் பிரிப்பதுபோல் கத்தியை உருவிக் குத்தினான். வீழும்போதும் மன்னர் அந்த வேடத்தைத் தொழுதார். ஓடிவந்து வாளோங்கிய மெய்க்காவலன் தத்தனிடம், இவர் நம்மவர் என்று தடுத்தார். ஊர் எல்லைக்கு அப்பால் பத்திரமாகக் கொண்டுபோய் விடச் சொன்னார். விட்டு வந்த செய்தி கேட்ட பிறகே உயிர் நீத்தார். சைவ மரபு புறச்சின்னத்தை எவ்வளவு உயரத்தில் வைத்தது என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டாம். ஆனால் அதே கதை ஒரே திருநீற்றை இரண்டு மனிதர் மேல் வைத்துக் காட்டுகிறது. கொலைக்கு அதைத் திரையாக்கியவன் ஒருவன். அதன் பொருட்டுக் கொலைகாரனையும் காத்தவர் ஒருவர். சின்னம் தன்னளவில் எதையும் சொல்லாது. அதை அணிந்தவன் அடுத்தவனுக்கு என்ன செய்தான் என்பதைப் பார்த்தால் போதும், நெஞ்சைக் கிழித்துப் பார்க்க வேண்டியதில்லை என்பது இந்தக் கதையிலேயே இருக்கிறது.

திருமூலர் இந்த அளவுகோலை மிகத் தெளிவாகத் தந்தவர். கோயிலில் இருக்கும் இறைவனுக்குக் கொடுப்பது நடமாடும் கோயில்களாகிய மனிதருக்குப் போய்ச் சேராது. மனிதருக்குக் கொடுப்பது இறைவனுக்கும் போய்ச் சேரும் என்பது அவர் கணக்கு. இன்னொரு பாடலில் எல்லோருக்கும் இயன்ற நான்கைச் சொல்கிறார்: இறைவனுக்கு ஒரு பச்சிலை, பசுவுக்கு ஒரு வாய் புல், உண்ணும்போது பிறருக்கு ஒரு கைப்பிடி, எவரிடத்தும் ஓர் இன்சொல். இந்த வரிசையில் வழிபாட்டுக்கும் இடம் இருக்கிறது, ஆனால் அது நான்கில் ஒன்று. சைவம் மட்டும் கண்ட வழி அன்று இது. தமிழ்க் கிறிஸ்தவர்கள் வாசிக்கும் ஏசாயா தீர்க்கதரிசன நூலின் 58ஆம் அதிகாரம், தலையைக் குனிந்து சாம்பலில் உட்காருவதா உபவாசம் என்று கேட்டு, பசித்தவனுக்கு உணவைப் பகிர்வதும் ஒடுக்கப்பட்டவனின் கட்டை அவிழ்ப்பதுமே தேவன் விரும்பும் உபவாசம் என்கிறது. திருக்குர்ஆனின் 107ஆம் அத்தியாயம், அனாதையை விரட்டி, ஏழைக்கு உணவளிக்கத் தூண்டாமல், பிறர் பார்க்கத் தொழுது, அற்பப் பொருளைக்கூட உதவ மறுப்பவர்களின் தொழுகைக்குக் கேடு என்று எச்சரிக்கிறது. தொழுகையையும் உபவாசத்தையும் கடமையாக விதித்த சமயங்களே இதைச் சொல்கின்றன. வெளியிலிருந்து வந்த விமர்சகர்கள் எவரும் இவ்வளவு கடுமையாகச் சொன்னதில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்த வாதம் தமிழ் மண்ணில் இரண்டு பெரிய மனிதர்களின் வடிவில் எதிரெதிரே நின்றது. இராமலிங்க வள்ளலார் 1865இல் சன்மார்க்க சங்கத்தைத் தொடங்கினார். 1867 மே 23ஆம் நாள் வடலூரில் தருமசாலை திறந்து அடுப்பு மூட்டினார்; அது இன்றுவரை அணையவில்லை. சத்திய ஞான சபையில் வழிபாடு தொடங்கியது 1872 தைப்பூசத்தில்தான். முதலில் பசித்தவருக்குச் சோறு, ஐந்து ஆண்டு கழித்தே வழிபாட்டு இடம். இந்த வரிசை தற்செயல் அன்று. பிற உயிரின் பசியைக் கண்டு இரங்குவதே கடவுள் வழிபாடு என்று 'ஜீவகாருண்ய ஒழுக்கம்' நூலில் வாதிட்டவர் அவர். மறுபக்கம் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர், ஆகம நெறியின் உறுதியான காவலர். வள்ளலாரின் பாடல்களை அருட்பா என்று ஏற்க மறுத்து அவர் எழுப்பிய சர்ச்சை நீதிமன்றம்வரை போனது. நம்மில் பலர் இதை அகத்துக்கும் புறத்துக்கும் நடந்த போராகச் சுருக்கி, நாவலரைச் சடங்குப் பக்கம் தள்ளிவிடுகிறோம். அதே நாவலர், யாழ்ப்பாணத்தில் பஞ்சம் வந்தபோது கஞ்சித்தொட்டித் தருமம் நடத்திப் பசித்தவர்களுக்குக் கஞ்சி வார்த்தார். ஆகமத்தின் பெயரால் பேசியவர், ஆகமத்துக்கு மாறாகக் கோயில்களில் நடந்தவற்றைக் கண்டித்து அங்கிருந்த செல்வாக்குள்ளவர்களின் பகையையும் தேடிக்கொண்டார். சாதி வேற்றுமையை அவர் ஏற்றிருந்தார் என்பதை மறைக்கத் தேவையில்லை. அதில் அவர் பக்கம் நிற்க என்னால் இயலாது. ஆயினும் ஆசாரம் என்றாலே வெறுமை என்று சொல்பவர்களுக்கு அவருடைய கஞ்சித்தொட்டி பதில் சொல்கிறது. கொள்கையில் எதிரெதிரே நின்ற இருவரும் பசித்தவன் முன்னால் ஒரே வேலையைச் செய்தார்கள்.

சடங்கை நீக்கிவிட்டால் வெறுமை நீங்கிவிடும் என்று நம்புபவர்கள் வடலூரின் பிற்கால வரலாற்றையும் பார்க்க வேண்டும். சமயச் சின்னங்களும் சாத்திரச் சடங்குகளும் வேண்டாம், ஒளியே வழிபாட்டுக்கு உரியது என்று வள்ளலார் தெளிவாகச் சொல்லிப் போன இடம் அது. அங்கேயே பின்னாளில் சிவலிங்க வழிபாடும் அதற்குரிய சடங்குகளும் புகுந்தன. அவை வள்ளலார் வகுத்த முறைக்கு மாறானவை என்று 2006இல் அறநிலையத் துறை உத்தரவிட வேண்டியதாயிற்று; 2010இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்த உத்தரவை உறுதிசெய்தது. எளிமைக்காகவே அமைத்த சபையையும் பழக்கம் மெல்ல வந்து பிடித்துக்கொண்டது. எந்தச் சீர்திருத்தமும் ஒரு தலைமுறைக்குப் பிறகு தானும் ஒரு சம்பிரதாயமாகும். வெள்ளாடை உடுத்து, ஜோதி தரிசனத்துக்கு வரிசையில் நின்று, வீடு திரும்பியதும் வாசலில் பசித்து நிற்பவரை விரட்டுபவரும் இருக்க முடியும். ஆகவே இந்தச் சடங்கா, அந்தச் சடங்கா, சடங்கே இல்லாமையா என்ற தேர்வில் நம்மைக் காப்பாற்ற எதுவும் இல்லை. வடலூரில் கேள்விக்கே இடமில்லாமல் வள்ளலாருடையதாக நிலைத்திருப்பது அந்த அடுப்பு.

இந்த அளவுகோலைக் கையில் எடுத்தால் நம் மரபின் பெரும் காயத்தையும் பார்த்துத்தான் ஆக வேண்டும். ஆதனூர்ப் புலைப்பாடியில் பிறந்த நந்தனார், கோயில் பேரிகைகளுக்குத் தோலும் வாரும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும், வழிபாட்டுக்குக் கோரோசனையும் கொடுத்துவந்தவர் என்கிறது பெரியபுராணம். அவர் கொடுத்த தோல் கோயிலுக்குள் போனது. அவர் போக முடியவில்லை. திருப்புன்கூரில் அவர் பார்ப்பதற்காக நந்தியை இறைவன் விலகச் சொன்னான். தில்லையில் தீயில் மூழ்கி, முப்புரிநூல் விளங்கும் முனிவர் வடிவில் எழுந்த பிறகே அவர் உள்ளே போனார். சேக்கிழார் நந்தனாரின் அன்பைத் தில்லைவாழ் அந்தணர்களும் தொழும்படி உயர்த்திவைத்தார். அது பன்னிரண்டாம் நூற்றாண்டில் சிறிய செயல் அன்று. ஆனாலும் நந்தனாரின் உடலை நெருப்பு மாற்ற வேண்டியிருந்தது, வாசலில் தடுத்தவர்களின் மனம் மாற வேண்டியிருக்கவில்லை. கண்ணப்பரிடம் ஆகமத்தையே ஒதுக்கிவைத்த அன்பின் வலிமை, தில்லை வாசலில் பாதி வழியில் நின்றுவிட்டது என்றே நான் கருதுகிறேன்.

அந்தப் பாதி வழியைக் கடக்க நமக்கு நூற்றாண்டுகள் பிடித்தன. 1897இல் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார்கள் சிலர் நுழைந்து வழிபட்டதற்கு எதிராக இராமநாதபுரம் சமஸ்தானம் தொடுத்த வழக்கு, இலண்டன் பிரிவி கவுன்சில்வரை போய், 1908இல் நாடார்களுக்கு அந்த உரிமை இல்லை என்று முடிந்தது. அவர்களுடைய பக்தி மெய்யா பொய்யா என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. பிறப்பும் வழக்கமும் மட்டுமே கேட்கப்பட்டன. 1939 ஜூலை 8ஆம் நாள் மதுரை வைத்தியநாத ஐயர், கக்கன் உள்ளிட்ட தாழ்த்தப்பட்ட வகுப்பினர் ஐவரையும் நாடார் ஒருவரையும் அழைத்துக்கொண்டு மீனாட்சியம்மன் கோயிலுக்குள் போனபோது, கோயில் தீட்டுப்பட்டதாகச் சொல்லிப் பூசை செய்ய மறுத்த அர்ச்சகர்கள் இருந்தார்கள். அவர்களும் மனப்பூர்வமாகத்தான் மறுத்திருப்பார்கள். மனப்பூர்வமாகச் செய்ததால் மட்டும் ஒன்று மெய்யான வழிபாடாகிவிடாது என்பதற்கு அதுவும் சான்று. ஆலயப் பிரவேசச் சட்டங்கள் வந்து முக்கால் நூற்றாண்டு கடந்த பிறகும், 2023 ஜனவரியில் திருவண்ணாமலை மாவட்டம் தென்முடியனூர் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் பட்டியல் சாதி மக்கள் அதிகாரிகள், காவலர்கள் துணையோடுதான் முதல்முறையாகப் போக முடிந்தது. அதே ஆண்டு ஜூன் மாதம் விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில், பட்டியல் சாதி மக்கள் உள்ளே வருவது பற்றிய தகராறில் திரௌபதி அம்மன் கோயிலுக்குச் சீல் வைக்கப்பட்டது. உடன் வாழும் மனிதன் உள்ளே வருவதைவிட அம்மன் பூசையின்றி இருப்பதே மேல் என்று ஊரில் ஒரு பகுதியினர் எண்ணும்போது, அதுவரை அங்கே நடந்த பூசை எதற்காக நடந்தது?

இதெல்லாம் சமூகப் பிரச்சினை, இதற்கும் பக்திக்கும் என்ன தொடர்பு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அரசியல்வாதியும் நீதிமன்றமும் பார்த்துக்கொள்ள வேண்டியதைக் கடவுள் வழிபாட்டோடு கலக்காதே என்று அவர்கள் அக்கறையோடுதான் சொல்கிறார்கள். பிரிக்க முடியும் என்றால் நானும் பிரித்திருப்பேன். ஆனால் அப்பரும் திருமூலரும் வள்ளலாரும் பிரிக்கவில்லை. அடியாரைப் பேணுவதையே வழிபாடாகக் கொண்டவர்கள் பெரியபுராணம் நெடுகிலும் இருக்கிறார்கள்; மனிதருக்குச் செய்ததைத் தனக்குச் செய்ததாகவே அங்கே இறைவன் ஏற்கிறான். மனிதர்பால் காட்டும் ஒழுக்கத்தைக் கழித்துவிட்டால் இந்த மரபில் மிஞ்சுவது பாத்திரங்களும் பட்டுத்துணிகளும்தான். அவற்றை அழகாக வைத்திருப்பது நல்லது. அதையே பக்தி என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது பொய்.

ஆண்டுதோறும் தமிழ்நாட்டில் எத்தனையோ கோயில்களில் திருப்பணி நடக்கிறது, குடமுழுக்கு நடக்கிறது. சென்னையிலும் கோவையிலும் வேலை பார்க்கும் சொந்த ஊர்க்காரர்களிடமும், சிங்கப்பூருக்கும் கனடாவுக்கும் போனவர்களிடமும் நன்கொடை ரசீதுப் புத்தகம் வந்து சேர்கிறது. மகிழ்ச்சியாகக் கொடுங்கள், கோயில்கள் இந்த மண்ணின் செல்வம். கொடுப்பதற்கு முன் குழுவினரிடம் ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள். நம் ஊர்க் காலனியில் இருப்பவர்கள் குடமுழுக்கு நாளில் நம்மோடு உள்ளே வந்து நிற்பார்களா, அவர்கள் தெருவுக்கும் தேர் வருமா? ஆம் என்றால் கேட்டதைவிட அதிகமாகவே கொடுங்கள். இல்லை என்றால், ஆம் என்று அவர்கள் சொல்லும் நாள்வரை ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.